இராணுவத்தில் பணியாற்றிய அப்பாவின் ஓராண்டு நினைவு நாளில் என்ன பேசலாம்?

இராணுவத்தில் இருந்து, பிறகு குடும்பத்துக்காகவே உழைத்து மறைந்த தந்தையைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும், பதக்கங்களிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். அநேகமாக நீங்கள் மூத்த பிள்ளை. அவருடைய பணிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு தேதிகளைக் குறித்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில் நடந்த பதினாறாம் நாள் காரியத்தன்று, அப்பா 1971இல் படையில் சேர்ந்தது, 1984இல் வெளியேறியது, கிரீக்கிலிருந்து ஜெலி வரை காட்டை ஊடுருவிக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போடப்பட்டபோது கம்யூனிஸ்டுகளின் தாக்குதலிலிருந்து வேலையாட்களைக் காத்து நின்றது, அந்தச் சாலை 1982இல் திறக்கப்பட்டது என்று வரிசையாகப் படித்தேன். உறவினர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அம்மாதான் இடைமறித்து, "சப்பாத்தைப் பத்திச் சொல்லுப்பா" என்றார். எங்கள் பள்ளிக் காலணிகளைத்தான் சொன்னார்.

பட்டாளத்தை விட்ட பிறகு அப்பா பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஜாகாவாக, அதாவது காவலாளியாக, இருந்தார். காலையில் கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் படுக்கப் போகாமல், பிள்ளைகள் நால்வரையும் இரண்டு நடையாகத் தமிழ்ப்பள்ளியில் கொண்டுபோய் விடுவார். ஞாயிறு மாலைகளில் எங்கள் நான்கு ஜோடி வெள்ளைச் சப்பாத்துகளையும் தேய்த்துக் கழுவி, வெள்ளை பூசி, நுனிகள் ஒரே கோட்டில் நிற்கும்படி மதில்மேல் அடுக்குவார். மழை வந்துவிட்டால் அவை ஐஸ்பெட்டியின் சூடான பின்புறத்துக்கு இடம் மாறும். பேரப்பிள்ளைகள் காலத்தில் பள்ளிச் சப்பாத்து கறுப்பாக மாறியபோது, அழுக்கே தெரியாத சப்பாத்தைப் போட்டு என்ன பயன் என்று ஒரு வாரம் முணுமுணுத்தார்.

பட்டாளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவிடம் முன்கோபமும் நிறைய இருந்தது. பதக்கங்களை நான் மதிக்கவில்லை என்றும் யாரும் எழுத வேண்டாம். எனக்கு உறுத்துவது வேறு. சாதாரண வீரர்களுக்கு 21 ஆண்டுகள் நிறைவடைந்தால்தான் ஓய்வூதியம் என்பதால், படுக்கையில் விழுந்த பாட்டியைப் பார்த்துக்கொள்வதற்காகப் பதின்மூன்று ஆண்டுகளில் வெளியேறிய அவருக்கு மாதந்தோறும் ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) வந்ததில்லை. ஜூலை 31, வீரர் தினத்தன்று தொலைக்காட்சியில் அணிவகுப்பைப் பார்க்கும்போது தனியாளாக எழுந்து நிற்பார்; அன்றிரவும் வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

சப்பாத்துக் கதையை நான் சொல்லி முடித்ததும், தைப்பிங்கிலிருந்து வந்திருந்த அவருடைய மலாய் நண்பர் எழுந்தார். காட்டில் மழை விடாத நாட்களில் அப்பா ஈரக் காலுறைகளை வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டு படுத்து, உடல் சூட்டிலேயே காயவைப்பார் என்றும், வயதில் இளையவர்களுடையவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்வார் என்றும் சொன்னார். அம்மாவுக்கே தெரியாத செய்தி அது.

ஆகவே, உங்கள் அப்பாவின் பழைய குறிப்பேட்டில் அப்படி ஒருவரின் தொலைபேசி எண் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். கிடைத்தால் அவரை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்து, உங்கள் ஐந்து நிமிடத்தில் இரண்டை அவருக்குக் கொடுங்கள். அவர் மலாயில் பேசினாலும் பரவாயில்லை.