மருமகனிடம் தோற்ற இரவு

அன்புள்ள அக்கா,

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வயது 34. முன்பு கொழுந்து எடை போடும் இடத்தில் இருந்தேன். இப்போது இலை வாட்டும் பகுதியில் இரவு ஷிஃப்ட். இடையில் கிடைக்கும் நேரத்தில் போனில் செஸ் ஆடுவேன், பத்து நிமிட ஆட்டம். கொஞ்ச நாளாக ஒரு தொல்லை. தோற்றால், எதிரே ஆடியவன் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் ஆடியிருக்கிறான் என்று தோன்றுகிறது. ஜெயித்தால் அப்படித் தோன்றுவதில்லை. ஒரு நாள் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்று, ஏழு பேர் மீதும் புகார் கொடுத்தேன்.

போன மாதம் கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்கா மகனோடு ஆன்லைனில் மூன்று ஆட்டம் ஆடினேன். அவனுக்கு 13 வயது. காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். மூன்றிலும் தோற்றேன். முதல் ஆட்டத்தில் குதிரையைப் பலி கொடுத்து என் ராஜாவை நடுப் பலகைக்கு இழுத்துவிட்டான். அவனுடைய துல்லியம் 94 சதவீதம் என்று காட்டியது. கோபத்தில் போன் போட்டு, "மாமாகிட்டயே ஏமாத்துறியாடா?" என்று கேட்டுவிட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது, அக்காவும் கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் அவன் என்னோடு ஆடுவதில்லை. அக்காவும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மூன்று ஆட்டங்களையும் அனுப்பியிருக்கிறேன். அவன் ஏமாற்றினானா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

குன்னூரில் இந்த வாரம் விடாத மழை. நீங்கள் அனுப்பிய மூன்று ஆட்டங்களையும் பலகையில் காய் வைத்து, இரண்டு மாலை உட்கார்ந்து பார்த்தேன்.

அந்தக் குதிரையிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் மனம் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. உங்களுக்குக் கறுப்பு. நாலாவது நகர்த்தலில் அவன் குதிரை உங்கள் ராஜா பக்கம் பாய்ந்து எஃப்7 கட்டத்துச் சிப்பாயைக் குறிவைக்கிறது. நீங்கள் நடுச் சிப்பாயைத் தள்ளுகிறீர்கள், அவன் வெட்டுகிறான், நீங்கள் திரும்பக் குதிரையால் வெட்டுகிறீர்கள். அங்கே முடிந்தது. அடுத்ததாக அவன் குதிரை எஃப்7-ல் விழுகிறது. உங்கள் ராஜா அதை வெட்டியாக வேண்டும், ராணி செக் வைக்கிறது, ராஜா நடுவுக்கு வருகிறார். இதற்கு ஃபிரைட் லிவர் என்று பெயர். 400 ஆண்டுப் பழைய தாக்குதல். செஸ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் சேர்ந்த சில வாரங்களிலேயே இதைக் கற்றுக்கொண்டு, பார்க்கிறவர்கள் எல்லோர் மீதும் ஆசையாகப் பிரயோகித்துப் பார்ப்பார்கள். உங்கள் மருமகன் வகுப்புக்குப் போகிறானா, யூடியூப் பார்க்கிறானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதை ஆடுவதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம்.

அந்த 94-ஐயும் பார்த்துவிடுவோம். துல்லியம் என்று காட்டுவது, நாம் ஆடியதை என்ஜின், அதாவது செஸ் ஆடும் கம்ப்யூட்டர் நிரல், ஆடியிருக்கக்கூடியதோடு ஒப்பிட்டுப் போடும் மதிப்பெண். முதல் எட்டு நகர்த்தலும் மனப்பாடம் என்றால் அவை முழு மதிப்பெண் வாங்கும். அப்புறம் எதிராளியின் ராஜா வெட்டவெளியில் நிற்கிறார் என்றால் நல்ல நகர்த்தல் எது என்று கண்ணுக்கே தெரியும். ஆட்டம் சின்னதாகவும் முடிந்துவிட்டது. எண் ஏறத்தான் செய்யும். எதிராளி தப்புச் செய்யச் செய்ய நம்முடைய துல்லியம் கூடும். அந்த 94-ல் உங்கள் பங்கும் இருக்கிறது.

இனி மூன்றாவது ஆட்டம். 22-ஆவது நகர்த்தலைத் திறந்து பாருங்கள். உங்கள் மருமகன் 51 விநாடி யோசித்திருக்கிறான். யோசித்து, தன் ராணியைக் கொண்டுபோய் உங்கள் மந்திரியின் நேர் வழியில் நிறுத்தியிருக்கிறான். காவல் ஒன்றும் இல்லை. சும்மா எடுத்திருக்கலாம். நீங்கள் 4 விநாடியில் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருக்கிறீர்கள். அடுத்த நகர்த்தலில் அவன் அவசர அவசரமாக ராணியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறான், 2 விநாடியில். அந்த 2 விநாடியைப் பார்த்தபோது அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது போல இருந்தது. என்ஜினைப் பார்த்து ஆடுகிறவன் ராணியை அப்படி வைக்கமாட்டான். பொதுவாக அப்படி ஏமாற்றுகிறவனுக்குச் சுலபமான வெட்டுக்கும் கடினமான யோசனைக்கும் ஒரே மாதிரி ஆறேழு விநாடி ஆகும். இந்தப் பையனுடைய கடிகாரம் எல்லா இடத்திலும் ஏறி இறங்குகிறது.

இந்த ஆட்டத்தைத்தான் நீங்கள் எனக்கு அத்தாட்சியாக அனுப்பினீர்கள், தம்பி. தோற்றபிறகு ஒருமுறையாவது திருப்பிப் போட்டுப் பார்த்திருந்தால் அந்த ராணி உங்கள் கண்ணில் பட்டிருக்கும். பார்க்கவில்லை. ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டிய பிறகு பார்க்க ஏதும் இல்லை என்று ஆகிவிடுகிறது. சந்தேகம் செய்கிற முதல் கெடுதல் இதுதான் என்று நினைக்கிறேன். நம் தப்பு இருந்த இடத்தை அது மூடிவிடுகிறது.

ஏமாற்றுபவர்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. 2006-ல் டெல்லியில் ஒருவர் தொப்பிக்குள் புளூடூத் கருவி தைத்து ஆடிப் பிடிபட்டு, பத்து ஆண்டு தடை வாங்கினார். 2019-ல் ஸ்ட்ராஸ்பர்கில் ஒரு கிராண்ட்மாஸ்டர் கழிப்பறையில் போனோடு மாட்டினார். 2021-ல் நம் ஆனந்த் ஒரு நல்ல காரியத்துக்காக ஆன்லைனில் பல பேரோடு ஒரே நேரத்தில் ஆடியபோது, அவரை 'வென்ற' ஒரு தொழிலதிபர் கம்ப்யூட்டர் உதவி வாங்கியதைப் பிறகு ஒப்புக்கொண்டார். ஆன்லைனில் இது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் ஏழு பேர்? தங்கள் தளத்தில் எப்போதாவது ஏமாற்றியவர்கள் 0.14 சதவீதத்துக்கும் குறைவு என்று 2022-ல் செஸ்.காம் மதிப்பிட்டது. அது குறைத்துச் சொன்னதாகவே இருக்கட்டும், பத்து மடங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரே இரவில் ஏழு பேரும் ஏமாற்றுக்காரர்களாக வர வாய்ப்பு எங்கே இருக்கிறது?

தொடர்ந்து ஏழு தோல்விக்குக் காரணம் வெளியே தேட வேண்டாம். உங்களுக்குச் சமமான ரேட்டிங், அதாவது திறமைப் புள்ளி, உள்ளவரைத்தான் தளம் தேடிக் கொண்டுவந்து எதிரே உட்கார வைக்கிறது. அப்படியென்றால் பாதி ஆட்டம் தோற்பது கணக்கிலேயே இருக்கிறது. நாணயம் சுண்டுவது போல வைத்துக்கொண்டாலும் ஏழு முறை தொடர்ந்து தோற்க 128-ல் ஒரு வாய்ப்பு. தினம் பத்து ஆட்டம் ஆடுகிறவருக்கு ஓரிரு மாதத்தில் அது பெரும்பாலும் வந்துவிடும். நீங்கள் ஆடியது இரவு ஷிஃப்டில், தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில், ஒவ்வொரு தோல்விக்கும் கோபம் ஏற ஏற.

சரி, ஏன் போனில் மட்டும் இப்படித் தோன்றுகிறது? டீக்கடை பெஞ்சில் ஆடித் தோற்றால் இப்படி நினைப்போமா? எதிரே இருப்பவர் காயைத் தொட்டுவிட்டுக் கை நடுங்குவதையும், டீ ஆறிப்போவதையும், பீடி அணைந்தது தெரியாமல் இழுப்பதையும் பார்க்கிறோம். அந்த நகர்த்தலுக்கு அவர் பட்ட பாடு நமக்குத் தெரியும். போனில் பாடு தெரிவதில்லை, நகர்த்தல் மட்டும் வந்து விழுகிறது. மனிதன் தெரியாத இடத்தில் மனம் ஒரு யந்திரத்தை உட்கார வைத்துக்கொள்கிறது.

இது போன் வந்த பிறகு வந்ததில்லை. 1980-களில் என் அப்பா அஞ்சலட்டையில் செஸ் ஆடினார். எதிரே தூத்துக்குடியில் ஒரு பள்ளி ஆசிரியர். பதினைந்து பைசா அட்டையில் ஒரு நகர்த்தல். போய்ப் பதில் வரப் பத்து நாள் ஆகும். நவம்பரில் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் இன்னும் கூடும். ஒரு ஆட்டத்தில் அவர் திடீரென்று மிக நன்றாக ஆடத் தொடங்கினார். வேறு யாரோ பெரிய ஆட்டக்காரர் சொல்லிக்கொடுக்கிறார் என்று அப்பாவுக்குச் சந்தேகம். அடுத்த அட்டையில் தன் நகர்த்தலுக்குக் கீழே, "இவை தாங்களே ஆடும் நகர்த்தல்கள்தானா?" என்று எழுதிவிட்டார். அட்டை திறந்தது. தபால்காரரும் படிக்கலாம், அந்த வீட்டுப் பிள்ளைகளும் படிக்கலாம். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நீல மையில் ஒரே வரி. ஆட்டத்தை இத்துடன் விட்டுவிடுகிறேன், வணக்கம். ஜெயிக்கிற நிலையில் இருந்தவர் அவர்.

பலகை ஜன்னலோரத்தில் ஒரு மாதம் அப்படியே இருந்தது. அம்மா தூசி தட்டக்கூட அப்பா விடவில்லை. ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு அப்போது 12 வயது. ஆறு அட்டைக்கு முன்னால் அப்பா மந்திரியை நகர்த்தியபோது அதன் பின்னால் இருந்த குதிரை காவல் இல்லாமல் நின்றுவிட்டது. "அவர் வேற எதை ஆடியிருக்க முடியும்? நான்தானே கதவைத் திறந்து விட்டிருக்கேன்" என்றார். மன்னிப்புக் கேட்டு இரண்டு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அந்த நீல மை அட்டை இன்றும் என்னிடம் இருக்கிறது.

உலகச் சாம்பியன்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 1997-ல் நியூயார்க்கில் டீப் ப்ளூ கம்ப்யூட்டரோடு ஆடியபோது காஸ்பரோவ் இரண்டாவது ஆட்டத்தில் தோற்றார். அவருக்கு வந்த சந்தேகம் தலைகீழ்: யந்திரம் இப்படி ஆடாது, பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான் என்று. அவர் தோல்வியை ஒப்புக்கொண்ட அந்த நிலையில் டிரா செய்ய வழி இருந்தது என்று பிறகு தெரியவந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. சந்தேகம் தொடர்ந்தது. கடைசி ஆட்டத்தில் 19 நகர்த்தலில் தோற்றுப்போனார்.

இன்னொரு உலகச் சாம்பியனான கிராம்னிக்கின் கதை இன்னும் கனமானது. 2006-ல் எலிஸ்டாவில் உலகச் சாம்பியன் போட்டி. அவர் அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறார் என்று எதிர்த் தரப்பு புகார் கிளப்பியது. அவருடைய கழிப்பறையைப் பூட்டினார்கள். அவர் ஐந்தாவது ஆட்டம் ஆட மறுத்து அந்தப் புள்ளியை இழந்தார். எதுவும் நிரூபணமாகவில்லை. கடைசியில் அவரே ஜெயித்தார். அந்த அவமானம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அதே கிராம்னிக் பின்னாளில் ஆன்லைனில் ஆடும் பலர் மீது வெளிப்படையாகச் சந்தேகம் எழுப்பினார். அவர்களில் ஒருவர் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆன்லைனில் செஸ் சொல்லிக்கொடுத்தவர். தன்மீது வந்த சந்தேகம் தன்னை எவ்வளவு பாதித்திருக்கிறது என்று தன் கடைசி நேரலையில் பேசினார். 2025 அக்டோபரில் 29 வயதில் இறந்தார். இதனால்தான் இறந்தார் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு மனிதரின் கடைசி மாதங்களில் அந்தப் பாரம் இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஏனென்றால், 'நான் ஏமாற்றவில்லை' என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது, தம்பி. உங்கள் மருமகன் எதைக் காட்டுவான்? நன்றாக ஆடினால் அது சாட்சியாகிவிடும். அடுத்த முறை மோசமாக ஆடினால், பார், இப்போது கம்ப்யூட்டர் இல்லை என்பீர்கள். அவனுக்குப் பேசாமல் இருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதைத்தான் செய்கிறான்.

எடை போடும் இடத்தில் இருந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். மழை நாளில் நனைந்த கொழுந்துக்கு ஈரக் கழிவு போடும்போது வரிசையில் நின்றவர்கள் உங்களைப் பார்த்த பார்வை நினைவிருக்கும். தராசில் கை வைத்துவிட்டான் என்று ஒருவர் சொன்னால் போதும், சரியாக எடை போட்டவனுக்கும் அன்று சோறு இறங்காது. 13 வயதுப் பையன் அம்மா பக்கத்தில் இருக்கும்போது, தனக்குக் காய் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மாமா வாயிலிருந்து அதைக் கேட்டிருக்கிறான்.

முகம் தெரியாதவர்களோடு ஆடும்போது உண்மையாகவே சந்தேகம் வந்தால், புகார்ப் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு விட்டுவிடுங்கள். அவர்களிடம் லட்சக்கணக்கான ஆட்டங்களின் கணக்கு இருக்கிறது, நம்மிடம் இருப்பது ஒரே ஆட்டம். பிடிபட்டால் கணக்கை மூடி, நீங்கள் இழந்த புள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். செஸ்.காமிலும் லிச்செஸிலும் அப்படித்தான். சாட்டில் எதையும் எழுத வேண்டாம். அப்புறம், இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அன்றைக்குப் போனை வைத்துவிட்டுப் போய் இலையைப் புரட்டிப் பாருங்கள்.

முதல் இரண்டு ஆட்டங்களில் அவன் ஏமாற்றவில்லை என்று நான் சத்தியம் செய்ய முடியாது, ஆட்டத்தை மட்டும் வைத்து யாராலும் முடியாது. அவன்மீது சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். உங்களுக்கும் அது போதும் என்று நினைக்கிறேன்.

போனில் மன்னிப்புக் கேட்க வேண்டாம். போனில் நடந்ததுதான் இத்தனையும். மே லீவுக்கு அவன் மலைக்கு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், வராமல் போய்விடுவான். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் போங்கள். பழைய மரப் பலகையையும் காய்களையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா கேட்கும்படியே சொன்னீர்கள், அக்கா கேட்கும்படியே மன்னிப்பும் கேளுங்கள். 22-ஆவது நகர்த்தலில் அவன் ராணியை விட்டதையும் நீங்கள் பார்க்காமல் போனதையும் சொல்லுங்கள், சிரித்துவிடுவான்.

அப்புறம் அந்தக் குதிரை ஆட்டத்தையே மறுபடி ஆடச் சொல்லுங்கள். கறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது நகர்த்தலில் அந்தச் சிப்பாயை வெட்டாதீர்கள். மற்றக் குதிரையை ஓரத்துக்கு, ஏ5-க்குக் கொண்டுபோய் அவன் மந்திரியைத் தாக்குங்கள். அதற்கு அவன் என்ன செய்கிறான் என்று, இந்த முறை முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆடுங்கள்.

அன்புடன்,
அக்கா