நீங்களே கம்பைல் செய்ததை எங்கே வைப்பது?

வணக்கம் நண்பரே. மேலமாசி வீதி ஸ்டூடியோ கணினியில் வீடியோ, ஆடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக்கை நீங்களே கம்பைல் செய்து (மூல நிரலிலிருந்து கட்டி) /யூஎஸ்ஆர்/பின்-னில் போட்டீர்கள், டெபியன் லினக்ஸ் அப்டேட் அதை அழித்துவிட்டது, இனி எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

/யூஎஸ்ஆரில் ஒரு டைரக்டரி தவிர மற்றதெல்லாம், டெபியனில் மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கும் ஆப்ட்டின் (apt) பொறுப்பு. அங்கே நீங்கள் வைக்கும் எதற்கும் பாதுகாப்பு இல்லை. உங்களுக்கென்றே ஒதுக்கிய அந்த ஒரு இடம் /யூஎஸ்ஆர்/லோக்கல். அப்டேட் அங்கிருக்கும் உங்கள் கோப்புகளைத் தொடாது. கன்ஃபிகர் கட்டளையில் ப்ரிஃபிக்ஸ் (நிறுவும் இடம்) எதுவும் கொடுக்காவிட்டால் எஃப்எஃப்எம்பெக் தானாகவே அங்கேதான் போகும். டெபியனின் வழக்கமான பாத் வரிசையிலும் (கட்டளைகளைத் தேடும் டைரக்டரிகளின் வரிசை) /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் முன்னால் இருப்பதால், உங்கள் பதிப்பே ஓடும்.

ஆனால் அப்படியே கொட்டிவிடாதீர்கள். பிறகு எந்தக் கோப்பு எதனுடையது என்று பிரிப்பது பெரும்பாடு. ஒவ்வொரு மென்பொருளையும் தனி டைரக்டரியில் வைத்து இணைப்புகள் மட்டும் போடும் குனு ஸ்டோவை ஆப்ட் மூலம் நிறுவிக்கொள்ளுங்கள். ப்ரிஃபிக்ஸாக /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஸ்டோ/எஃப்எஃப்எம்பெக் கொடுத்து மேக் இன்ஸ்டால் செய்யுங்கள். அப்புறம் /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஸ்டோ-வுக்குள் போய் ‘ஸ்டோ எஃப்எஃப்எம்பெக்’ என்றால் /யூஎஸ்ஆர்/லோக்கலிலிருந்து அந்தக் கோப்புகளைச் சுட்டும் சிம்லிங்க்குகள் தானாக உருவாகும். நீக்க வேண்டுமா, அதே கட்டளையில் ‘மைனஸ் பெரிய டி’ சேர்த்தால் போதும். எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

ஷேர்டு லைப்ரரியாகக் (பல நிரல்கள் பகிரும் தனிக் கோப்புகளாக) கட்டியிருந்தால், லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக்கை ரூட்டாக (நிர்வாகியாக) ஒருமுறை ஓட்டுங்கள். ரூட் அனுமதி இல்லாத கணினி என்றால் ஹோமுக்குள் .லோக்கல் போதும். /ஆப்ட் (opt, மேலே சொன்ன apt அல்ல) என்ற டைரக்டரி பெரும்பாலும் தனி மூட்டையாக வரும் வெளி மென்பொருளுக்கு, இதற்கு வேண்டாம்.