முப்பது விழுக்காட்டினரே முடித்த கேமை வாங்கலாமா?

வாசகர் கேள்வி: வங்கியில் பணிபுரிகிறேன். வாரத்துக்கு ஆறு மணி நேரம் விளையாடக் கிடைத்தால் அதிகம். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் தள்ளுபடி அறிவிக்கும்போதெல்லாம் நான்கைந்து கேம்களை வாங்கிவிட்டுப் பாதியிலேயே விட்டுவிடுகிறேன். அதனால் இப்போது வாங்குவதற்கு முன், அந்த கேமின் அச்சீவ்மென்ட் (குறிப்பிட்ட இலக்கை எட்டினால் கிடைக்கும் பதக்கம்) பட்டியலைத் திறந்து எத்தனை விழுக்காட்டினர் எதுவரை போயிருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். அண்மையில் பார்த்த ஒன்றில் கதையை முடித்தவர்கள் 30 விழுக்காடுதான். முதல் கட்டத்தைத் தாண்டியவர்கள்கூட 80ஐ எட்டவில்லை. அப்படியானால் அது மோசமான கேமா? இந்த எண்களை நம்பி முடிவெடுக்கலாமா?

பதில்: 30 விழுக்காடு என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்து அந்த கேமை ஒதுக்கிவிடாதீர்கள். 2014ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில், கேம்களுக்குக் கதை அமைப்பதில் அனுபவமுள்ள ரிச்சர்ட் ரூஸும் டாம் அபர்நதியும், புகழ்பெற்ற சில கேம்களை எத்தனை பேர் கடைசிவரை விளையாடினார்கள் என்பதை எண்களோடு காட்டினார்கள். மாஸ் எஃபெக்ட் 2ஐ முடித்தவர்கள் 56 விழுக்காடு. பயோஷாக் இன்ஃபினிட்டை முடித்தவர்கள் 53 விழுக்காடு. ஸ்கைரிமின் முதன்மைக் கதையை முடித்தவர்கள் 32 விழுக்காடு. பார்டர்லேண்ட்ஸ் 2ஐ முடித்தவர்கள் 30 விழுக்காடு. நான்குமே விமர்சகர்கள் பாராட்டிய, மிகப் பெரிய அளவில் விற்பனையான கேம்கள். அவற்றின் முடிவையே ஏறத்தாழப் பாதிப் பேரோ அதற்கும் மேற்பட்டோரோ பார்க்கவில்லை என்னும்போது, நீங்கள் கண்ட 30 இயல்பான எண்தான்.

அந்த நான்கு எண்களுக்குள் இருக்கும் இடைவெளியையும் கவனியுங்கள். முதல் இரண்டும் ஒரே கதையை முன்னோக்கி இழுத்துச் செல்பவை. ஸ்கைரிம் அப்படியன்று, அதில் முதன்மைக் கதையைக் கிடப்பில் போட்டுவிட்டு, வீடு கட்டி, வாள் அடித்து, மலைகளில் அலைந்து இருநூறு மணி நேரத்தை மனநிறைவோடு கழிக்கலாம். அப்படிக் கழித்தவரும், ஒரு மணி நேரத்தில் சலித்து எழுந்து போனவரும், ‘முடிக்காதவர்கள்’ என்ற ஒரே கூட்டத்தில்தான் எண்ணப்படுகிறார்கள். எனவே முடித்தவர்களின் விழுக்காட்டைப் பார்க்கும் முன், இந்த கேம் முடிப்பதற்காகச் செய்யப்பட்டதா, உள்ளே குடியிருப்பதற்காகச் செய்யப்பட்டதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது வகை என்றால், முடிவு பற்றிய எண்ணுக்கு நான் எந்த மதிப்பும் கொடுப்பதில்லை.

அச்சீவ்மென்ட் என்ற ஏற்பாடு மக்களை ஆராய்வதற்காக வந்ததன்று. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 அதைக் கேமர்ஸ்கோர் புள்ளிகளோடு கொண்டுவந்தது. 2007இல் ஸ்டீமும், 2008இல் டிராஃபி என்ற பெயரில் பிளேஸ்டேஷனும் பின்தொடர்ந்தன. விளையாடுபவர் தம் நண்பர்களிடம் காட்டிக்கொள்வதற்கான பதக்கமாகவே அது வடிவமைக்கப்பட்டது. ஆனால் ஒவ்வொரு பதக்கமும் கோடிக்கணக்கானோர் கடந்துபோன வழியில் நட்ட மைல்கல்லாகவும் ஆகிவிட்டதால், யார் எங்கே நின்றார்கள் என்ற தடயம் தானாகவே சேர்ந்துவிட்டது. உருவாக்கியவர்கள் மைல்கல் நட்ட இடங்களில் மட்டுமே நமக்கு வெளிச்சம் உண்டு. இரண்டு கற்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்பது தெரியாது.

இனி உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன்: முதல் கட்டத்தையே தாண்டாத அந்த 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் யார்? பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்தபோது மேலே தொகுதி, கீழே பகுதி என்று கற்றோமே, அந்தப் பகுதியில்தான் விடை இருக்கிறது. கீழே எண்ணப்படுபவர்கள் எல்லாரும் உங்களைப் போல விரும்பி உட்கார்ந்தவர்கள் அல்லர். தொகுப்பாக வாங்கியபோது கூடவே வந்ததை ஒருமுறை திறந்து பார்த்தவர்கள் இருப்பார்கள். கணினி தாங்குமா என்று சோதித்துவிட்டு மூடியவர்கள் இருப்பார்கள். கேம் ஓடும் நேரத்துக்கு ஏற்பக் கிடைக்கும், பிறருக்கு விற்கக்கூடிய டிரேடிங் கார்டுகளை 2013இல் ஸ்டீம் அறிமுகப்படுத்திய பிறகு, கேமைத் திறந்து ஓடவிட்டு, விளையாடாமலேயே கார்டுகளைச் சேர்த்து விற்பதற்கென்றே தனி மென்பொருள்கள் வந்தன. எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ், பிளேஸ்டேஷன் பிளஸ் போன்ற சந்தாக்களில் தனியே காசு கொடுக்காமல் எடுத்துப் பார்ப்பவர்கள் இன்னும் அதிகம்; அதனால் ஒரே கேமின் அதே அச்சீவ்மென்ட், விலை கொடுத்து வாங்கும் இடத்தில் ஒரு விழுக்காட்டையும் சந்தாவில் கிடைக்கும் இடத்தில் வேறொரு விழுக்காட்டையும் காட்டக்கூடும்.

அந்தப் பகுதி எவ்வளவு துல்லியமான தலைக்கணக்கு என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 2018ஆம் ஆண்டு வரை ஸ்டீம் தன் தரவு வாயிலில் இந்த விழுக்காடுகளைப் பல தசம இடங்களோடு கொடுத்துவந்தது. ஒரே கேமின் பல அச்சீவ்மென்ட்களின் நீண்ட தசமங்களை அருகருகே வைத்து, அவை அத்தனைக்கும் பொருந்தக்கூடிய பொதுவான பகுதி எது என்று தேடினால், அந்த கேமை விளையாடியவர்களின் எண்ணிக்கையே கிடைத்துவிடும் என்பதை டைலர் கிளேயல் என்ற கேம் உருவாக்குநர் வெளிப்படுத்தினார். அந்த வழியில் டீம் ஃபோர்ட்ரஸ் 2ஐ விளையாடியவர்கள் 5 கோடிக்கும் சற்று அதிகம் என்று தெரியவந்தது. நிறுவனங்கள் மறைத்துவைக்கும் எண்ணிக்கை பின்னத்தின் வழியாக வெளியே வந்ததும், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஜூலையில் தசம இடங்களைக் குறைத்துவிட்டது. வெறும் பின்னக் கணக்கால் இவ்வளவு சாதிக்க முடிந்ததை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

பகுதியில் கலப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டியது எளிது: தனி எண்ணைப் பார்க்காமல், அடுத்தடுத்த இரண்டு எண்களின் விகிதத்தைப் பாருங்கள். கணக்குக்காக ஒரு கேமைக் கற்பனை செய்துகொள்வோம். முன்னுரைக் கட்டத்தைத் தாண்டியவர்கள் 80, இரண்டாம் அத்தியாயத்தை முடித்தவர்கள் 50, நான்காம் அத்தியாயத்தை முடித்தவர்கள் 45, கதையை முடித்தவர்கள் 40 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் 40 என்பது சாதாரணமாகத் தெரியும். ஆனால் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டிய 50 பேரில் 40 பேர் கடைசிவரை போயிருக்கிறார்கள். அதாவது ஐந்தில் நான்கு பேர். உள்ளே நுழைந்தவரை விடாத கேம் இது. இதே 40 விழுக்காட்டை வேறொரு கேம் 80, 75, 70, 40 என்ற படிகளில் அடைந்திருந்தால் நிலைமை தலைகீழ்: எல்லாரும் ஆசையாக நெடுந்தூரம் நடந்து, கடைசிக் கட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் விழுந்திருக்கிறார்கள். ஸ்டீமின் உலகப் பட்டியல் அதிக விழுக்காட்டிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசைப்படுத்தப்பட்டிருப்பதால், நேர்கோட்டில் செல்லும் கதையில் இந்தப் படிகள் பெரும்பாலும் கதையின் வரிசையிலேயே கிடைத்துவிடும்.

சரிவு எங்கே நிகழ்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. தொடக்கத்தில் விழும் கூட்டம், கேமைப் பற்றிச் சொல்வதைவிட, வாங்கியவர்களைப் பற்றியே அதிகம் சொல்கிறது. அந்த வகை தமக்கு ஒத்துவராது என்று அறிந்து விலகியவர்கள் அவர்கள். முடிவுக்கு மிக அருகில் திடீர்ச் சரிவு இருந்தால், அதுவரை இருந்ததைவிட மிகக் கடினமான ஓர் எதிரியோ, கட்டாயமாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலையோ அங்கே காத்திருக்கலாம். விமர்சனங்களில் அந்த இடத்தைப் பற்றித் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். வாரத்துக்கு ஆறு மணி நேரமே உள்ள உங்களுக்கு நான் முக்கியமாகச் சுட்டிக்காட்ட விரும்புவது நடுப்பகுதியின் மெதுவான தேய்வை. குறிப்பிட்ட ஒரே இடத்தில் விழாமல், ஒவ்வொரு படியிலும் நாலைந்து பேராகக் குறைந்துகொண்டே போனால், அந்த கேம் தன் நேரத்தைத் தேவைக்கு மேல் இழுத்திருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். அதைச் சிலர் மூன்று வாரத்தில் முடிப்பார்கள். உங்களுக்கு ஏழு மாதம் ஆகும். ஏழு மாதம் ஒரு கதையின் சரடு மனத்தில் நிற்பது கடினம்.

விகிதமும் ஏமாற்றும் சந்தர்ப்பங்கள் உண்டு. 2004இல் வெளிவந்த ஹாஃப் லைஃப் 2க்கு அச்சீவ்மென்ட்கள் 2010இல்தான் சேர்க்கப்பட்டன. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அதை முடித்தவர்கள், மறுபடியும் விளையாடினால் ஒழிய, முடித்தவர்களாகப் பட்டியலில் வரமாட்டார்கள். 2016இல் வந்த ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனில் மாட்களை, அதாவது ரசிகர்கள் உருவாக்கும் மாற்றங்களை, சேர்த்து விளையாடினால் பொதுவாக அச்சீவ்மென்ட்கள் பதிவாகாது. மாட் போடாமல் ஸ்கைரிம் விளையாடுபவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்னும் அளவுக்கு அந்தப் பழக்கம் பரவியிருப்பதால், அந்தப் பட்டியல் அதன் தீவிர ரசிகர்களில் பலரைக் காண்பதே இல்லை. யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 போன்ற வியூக கேம்களில், விரும்பியபோது சேமித்துவைத்துத் திரும்பிப்போக இடம் தராத அயர்ன்மேன் முறையில் விளையாடினால்தான் அச்சீவ்மென்ட் கிடைக்கும் என்ற விதி இருந்தது. அங்கே மிகச் சிறிய எண்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

பொய்யும் கலந்திருக்கிறது. 2013 அக்டோபரில் வந்த தி ஸ்டேன்லி பேரபிளில், ஐந்து ஆண்டுகள் அந்த கேமைத் தொடாமல் இருந்தால் கிடைக்கும் ஓர் அச்சீவ்மென்ட் உண்டு. 2018 அக்டோபருக்கு முன் அதை யாரும் நேர்மையாகப் பெற்றிருக்கவே முடியாது. ஆனாலும், கணினியின் கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்து அதைப் பெற்றவர்கள் நிறைய இருந்தார்கள். விளையாடாமலேயே அச்சீவ்மென்ட்களைத் திறந்துவிடும் மென்பொருள்களும் உள்ளன. ஆகவே ஓரிரு விழுக்காட்டுக்குக் கீழே உள்ள எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பொருள் தேட வேண்டாம்.

அரிதாக இருப்பது கடினமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஹாஃப் லைஃப் 2: எபிசோட் டூவில், தொடக்கத்தில் கிடைக்கும் ஒரு தோட்டப் பொம்மையைக் கடைசிக்கு அருகில் உள்ள ராக்கெட்வரை தூக்கிச் சென்று உள்ளே வைத்தால் ஓர் அச்சீவ்மென்ட் கிடைக்கும். அதற்குக் குறிபார்க்கும் திறமை தேவையில்லை. சண்டைக்கு நடுவே பொம்மையை இறக்கிவைத்து, மறக்காமல் எடுத்து, காரிலிருந்து விழும்போதெல்லாம் திரும்பிப்போய்ப் பொறுக்கும் பொறுமைதான் தேவை. பிளேஸ்டேஷனில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானோர் பெற்றவற்றை மிக அரிதானவை என்று வகைப்படுத்துகிறார்கள். அவற்றில் கணிசமானவை இப்படி நேரத்தைக் கேட்பவையே தவிரக் கைத்திறனைக் கேட்பவை அல்ல. உங்களுக்கு இருக்கும் ஆறு மணி நேரத்தை நூறு விழுக்காடு நிரப்புவதற்குச் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பல முடிவுகள் கொண்ட கேம் என்றால் இன்னொரு கவனம் தேவை. நல்ல முடிவு 28 விழுக்காடு, கொடிய முடிவு 6 விழுக்காடு என்று தனித்தனியே இருந்தால், முடித்தவர்கள் 28 என்று படித்துவிடாதீர்கள். இரண்டையும் கூட்டவும் முடியாது, ஏனெனில் சிலர் இரண்டையுமே பார்த்திருப்பார்கள். உண்மை 28க்கும் 34க்கும் இடையில் இருக்கும். மக்கள் நல்ல பக்கத்தில்தான் குவிவார்கள் என்று எதிர்பார்க்கலாம். பயோவேரில் முன்பு பணியாற்றிய ஒரு வடிவமைப்பாளர் 2020இல் தெரிவித்தபடி, மாஸ் எஃபெக்டில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் நேர்மையான வழியையே தேர்ந்தெடுத்தார்கள். கொடிய வழிக்கும் தாங்கள் நிறைய உழைத்திருந்ததாக அவர் சொன்னார். தண்டனை இல்லாத கற்பனை உலகிலும் பெரும்பாலோர் எதிரில் நிற்பவர் மனம் நோகாமல் பேசவே விரும்புகிறார்கள் என்பது, இந்த எண்கள் எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

வாங்கும் முன் நீங்கள் செய்யக்கூடியது இது. கதை வழியில் உள்ள நான்கைந்து அச்சீவ்மென்ட்களை மட்டும் பட்டியலிலிருந்து பொறுக்குங்கள். கேமுக்குள் தேடிச் சேகரிக்கும் பொருள்கள், கடின நிலைகள், பலர் சேர்ந்து விளையாடுவது தொடர்பானவற்றை விட்டுவிடுங்கள். முன்னுரையைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் முடிவுக்கு வந்தார்கள் என்று வகுத்துப் பாருங்கள். நேர்கோட்டுக் கதையில் பாதிக்கு மேல் வந்திருந்தால் தயங்காமல் வாங்கலாம் என்பது என் சொந்த அளவுகோல். வாங்கியபின், 14 நாளுக்குள்ளும் இரண்டு மணி நேர விளையாட்டுக்குள்ளும் இருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதால், முதல் அமர்விலேயே முன்னுரைக் கட்டத்தைக் கடந்துவிடுவது நல்லது.

அதற்கும் முன்னதாக, நீங்கள் பாதியில் விட்ட கேம்களின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் கடைசியாகப் பெற்ற கதை அச்சீவ்மென்டையும் அதற்கு அடுத்ததன் உலக விழுக்காட்டையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நீங்கள் நின்ற இடத்திலேயே கூட்டமும் நின்றிருந்தால், குறை பெரும்பாலும் கேமில்தான், அதை அழித்துவிடலாம். கூட்டம் தாண்டிச் சென்ற இடத்தில் நீங்கள் மட்டும் நின்றிருந்தால், அந்த கேமுக்கு இன்னும் ஒரு சனிக்கிழமை மாலையைக் கொடுத்துப் பாருங்கள்.