அராவும்போது மேசை ஆடுகிறது, இரும்புக்கு மாறணுமா?

ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுப் பின்கட்டில் சின்னதாக ஒரு பட்டறை போட்டிருக்கிறார். 5 அடிக்கு 2 அடி மேசை, 3 அங்குல வேப்பமரக் கால்கள், மேலே 18 மி.மீ. பிளைவுட். அதில் 6 அங்குல வைஸை (இரும்பை இறுக்கிப் பிடிக்கிற கருவி) மாட்டி இரும்பை அராவினால் மேசை முன்னும் பின்னும் ஆடுகிறதாம். கார்பெண்டரைக் கேட்டால், "மரம் தாங்காது சார், இரும்பில் அடிச்சிருங்க" என்று சொல்லி ஒரு வெல்டிங் பட்டறையையும் கைகாட்டிவிட்டுப் போய்விட்டாராம்.

வேண்டாம் சார், மரம் தாராளமாகத் தாங்கும். ஒரு தீப்பெட்டியை எடுத்து உள்தட்டை உருவிவிட்டு வெறும் கூட்டை மூலையில் அழுத்திப் பாருங்கள், சாய்ந்து படுத்துவிடும். அதன் ஒரு வாயில் அட்டைத்துண்டை ஒட்டிக் காயவிட்டு மறுபடி அழுத்துங்கள், அசையாது. உங்கள் மேசை உள்தட்டு இல்லாத தீப்பெட்டி, அவ்வளவுதான். நாலு காலையும் இரும்பில் போட்டாலும், குறுக்கே ஒன்றும் கொடுக்காவிட்டால் அதுவும் ஆடும்.

அராவும்போது தள்ளுவது முன்னும் பின்னும். அதனால் முதலில் அடைக்க வேண்டியது இரண்டு பக்கவாட்டு, பின்பக்கம் அப்புறம். 12 மி.மீ. பிளைவுட்டில் 2-க்கு 2 அடித் துண்டு இரண்டு, பின்னால் 5-க்கு 2 ஒன்று. 8-க்கு 4 பலகை ஒன்று வாங்கினால் கீழ்த்தட்டுக்கும் சேர்த்தே வந்துவிடும். கால் மரத்தில் பசை தடவி அரை அடிக்கு ஒரு ஸ்குரூ போடுங்கள், ஆணி வேண்டாம், அது அதிர்வில் கழன்று வரும். கீழ்த்தட்டில் இரண்டு மூட்டை மணலை வையுங்கள். வைஸை மேசை நடுவில் வைத்திருந்தால் கழற்றி முன்கால் ஒன்றுக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள், பலகையைத் துளைத்து அடியில் பெரிய வாஷர் வைத்து போல்ட் முடுக்குங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டும் இரும்புதான் என்றால், கையில் தராசு இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். 40-க்கு 40 மி.மீ. ஸ்கொயர் பைப்பை 14 கேஜ் என்று சொல்லி 18 கேஜைத் தலையில் கட்டுவார்கள். 14 கேஜ் என்றால் தகடு 2 மி.மீ., 18 என்றால் 1.2 தான்; பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 20 அடி பைப் ஒன்றைத் தூக்கித் தராசில் வைக்கச் சொல்லுங்கள், 14 கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும். 9 கிலோ காட்டினால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

மரக்கடையில் வேறு கணக்கு. 4-க்கு 3 என்று பில் போட்ட சட்டத்தை டேப் வைத்து அளந்தால் மூணேமுக்காலுக்கு ரெண்டேமுக்கால் இருக்கும். கால் அங்குலம்தானே என்று விட்டுவிடுகிறோம், கன அடியில் அது நூற்றுக்குப் பதினாலு போச்சு.

பிளைவுட் கடையைக் கேட்கவே வேண்டாம். கார்பெண்டர் கூட்டிப் போகிற கடையில் பல நேரம் அவருக்குக் கமிஷன் உண்டு, அது உங்கள் பில்லில்தான் ஏறியிருக்கும். என் வீட்டுக் கதவு வேலையில் நானே ஏமாந்தேன், இத்தனைக்கும் இது என் தொழில். பலகையில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதன் கீழே உரிம எண் இருக்கும், 'பிஐஎஸ் கேர்' என்ற அரசுச் செயலியில் அடித்துப் பார்க்கலாம். முத்திரை கொடுப்பது அரசாங்கம், அது நிஜமா என்று கடை வாசலில் போனை நோண்டிக்கொண்டு நிற்க வேண்டியது நாம், நல்ல ஏற்பாடு!

மேசையைச் சுவரோடு சேர்த்து முடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். செங்கல் சுவர் என்றால் தாராளமாக, 10 மி.மீ. ஆங்கர் போல்ட் இரண்டு போதும். ஆனால் புது வீடுகள் பலவற்றில் இப்போது ஏஏசி பிளாக்தான் (காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்), பூச்சுக்கு மேலே பார்த்தால் தெரியாது. டிரில் போடும்போது கீழே விழுகிற தூளைப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறம், அது சிமென்ட் பூச்சு. அப்புறம் சிவப்பாக வந்தால் செங்கல். மாவு மாதிரி வெள்ளையாக வந்தால் ஏஏசி, அங்கேயே நிறுத்திவிடுங்கள், சாதாரண ஆங்கரை அதில் முடுக்கினால் கல் உள்ளேயே நொறுங்கி போல்ட் சும்மா சுற்றும். சாம்பல் நிறமாகவே வந்து பிட் திடீரென்று உள்ளே 'சடக்' என்று போனால் ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடம் விட்ட சிமென்ட் கல்), அதிலும் வேண்டாம். கடைக்காரர் "எல்லாச் சுவருக்கும் இதேதான் சார்" என்று ஒரே ஆங்கரை நீட்டுவார், நம்பாதீர்கள். வாடகை வீடு என்றால் சுவர்ப் பக்கமே போக வேண்டாம், அந்த மணல் மூட்டையில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போல்ட் எல்லாவற்றையும் மூன்று மாதம் கழித்து ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். வேப்பமரம் காயக் காயச் சுருங்கும், அரைச் சுற்றாவது உள்ளே போகும்.