இன்ஜின் மாற்றிய காரில் எச்சரிக்கை விளக்குகள் அழித்தும் அழித்தும் திரும்ப வருவது ஏன்?

இன்ஜின் மாற்றியாகிவிட்டது, வண்டி நன்றாகத்தான் இழுக்கிறது, ஆனால் செக் இன்ஜின், ஏபிஎஸ், சில நாள் பேட்டரி விளக்கு என்று மாறி மாறி எரிகிறது. பட்டறையில் ஸ்கேனர் போட்டு அழித்துத் தருகிறார்கள், இரண்டு நாளில் திரும்ப வந்துவிடுகிறது, வாங்கிய இன்ஜினே சரியில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் இன்ஜின் மேல் சந்தேகப்படுவது கடைசி வேலை. முதல் வேலை, அழிப்பதை நிறுத்துவது.

வண்டி எது என்று நீங்கள் எழுதவில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஓடித் தேய்ந்த 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்டோ டிசையரோ, அதற்குச் சென்னைப் புதுப்பேட்டைப் பழைய பாகச் சந்தையிலிருந்து பழைய இன்ஜின் வந்து இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெட்ரோல் என்றாலும் முக்கால்வாசி பொருந்தும். பொருந்தாத இடத்தில் சொல்கிறேன்.

முதலில் நிறம். சிவப்பில் எண்ணெய்க் குடுவையோ வெப்பமானியோ எரிந்தால் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டே ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். மற்ற மஞ்சள் விளக்குகளுக்கு அவகாசம் உண்டு. ஆனால் பெட்ரோல் வண்டியில் செக் இன்ஜின் விளக்கு சிமிட்டினால் மிஸ் அடிக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும்.

அழிக்காதீர்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிக் கார்களுக்கு 2013 ஏப்ரலில் ஓபிடி 2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறியும் முறை) வந்தது. அந்த முறையில் பல கோளாறுகளை ஈசியூ (இன்ஜினை ஆளும் கணினி) முதல் ஓட்டத்தில் கண்டால் 'நிலுவை'யில்தான் வைக்கும், விளக்கைப் போடாது. அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு இருந்தால்தான் உறுதி செய்து விளக்கைப் போடும். கோளாறு சரியாகிவிட்டால் தொடர்ந்து மூன்று நல்ல ஓட்டத்துக்குப் பின் விளக்கு தானே அணையும். கோடு (கோளாறுக்கு ஈசியூ இடும் குறியீட்டு எண்) நினைவிலிருந்து போக ஏறக்குறைய 40 முறை இன்ஜின் சூடேறி ஆற வேண்டும். ஆகவே அழித்த இரண்டாம் நாள் விளக்கு வருவது மர்மமே இல்லை. கோளாறு அப்படியே இருந்தது, ஈசியூ மறுபடி இரண்டு ஓட்டம் எண்ணியது, அவ்வளவுதான். இதைவிடப் பெரிய நஷ்டம் என்னவென்றால், கோடு விழுந்த நொடியில் ஆர்பிஎம், கூலண்ட் சூடு, வேகம், லோடு எவ்வளவு என்று ஈசியூ பிடித்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃபிரேம் தகவலும் அழிப்பதோடு சேர்ந்து போய்விடும்.

அடுத்த முறை விளக்கு வந்ததும் பட்டறைக்குப் போகுமுன் கோடு படிக்கும் சிறு கருவியான இஎல்எம் 327 புளூடூத் டாங்கிள் ஒன்றை ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள 16 பின் சாக்கெட்டில் செருகி, கோடு, நிலுவைக் கோடு, ஃப்ரீஸ் ஃபிரேம் மூன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மலிவான டாங்கிள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீயரிங் கோடுகளுக்கு நல்ல ஸ்கேனர் வேண்டும்.

கோடு எப்போது திரும்புகிறது என்பதே பாதி விடை. அழித்துவிட்டுச் சாவியை ஆன் செய்தவுடன், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன்பே வந்தால் அது ஒயர் விஷயம்: கப்ளர் (ஒயர் இணைப்பி) மாட்டவில்லை, ஒயர் அறுந்திருக்கிறது, இல்லை ஷார்ட். ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் மட்டும் வந்தால் பேட்டரியையும் எர்த்தையும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) பாருங்கள். பிள்ளையார்பட்டி வரை போய்வந்த பிறகு, அதாவது நன்றாகச் சூடேறி ஓடிய பிறகு வந்தால், சென்சார் சொல்லும் அளவு ஈசியூவின் கணக்குக்கு ஒத்துவரவில்லை: காற்றுக் கசிவு, இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு), டைமிங், இன்ஜெக்டர் இந்த வகை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வந்தால் கப்ளருக்குள் இருக்கும் உலோக முனை (பின்) தளர்ந்து உள்ளே போயிருக்கும்.

இப்போது எர்த். இன்ஜினை இறக்கி ஏற்றியவர் மறக்கக்கூடிய பொருள்களில் முதலிடம், பாடிக்கும் இன்ஜின்–கியர்பாக்ஸுக்கும் நடுவே போகும் எர்த் பட்டைக்கு. மாட்டியிருந்தாலும் பெயின்ட் மேலேயோ துரு மேலேயோ மாட்டியிருப்பார்கள். அந்தப் பாதை அடைபட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். சென்சார் எர்த், ஈசியூ எர்த் வழியாகத் திரும்பும். அப்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து விளக்குகள் ஒன்றாகவோ மாறி மாறியோ எரியும். உங்கள் வண்டியில் 'மாறி மாறி' எரிகிறது என்றதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை டிசி 2 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டிலேயே (கிளாம்பில் அல்ல), சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில் வையுங்கள். ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும். கிராங்க் ஆகும்போது (ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுற்றும்போது) 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. பிறகு இன்ஜின் ஓட, ஹெட்லைட், ஏசி புளோயர் எல்லாம் போட்டு அதே இடத்தில் பாருங்கள், 0.1-க்கு மேல் போகக்கூடாது. அதேபோல் நெகட்டிவ் போஸ்ட்டிலிருந்து பாடிக்கும் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் ஜம்பர் கேபிள் ஒன்றை நெகட்டிவ் போஸ்ட்டிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்கில் கவ்வவிட்டு ஓட்டிப் பாருங்கள் (ஃபேன் பெல்ட்டில் மாட்டாமல் கட்டிவிட்டு). விளக்குகள் வராமல் போனால் விடை கிடைத்துவிட்டது. போல்ட்டைக் கழற்றி, இரு பக்கமும் உப்புத்தாள் போட்டு உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, முறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். முறுக்கும் முன் அல்ல. பட்டை நைந்திருந்தால் 25 சதுர மில்லிமீட்டர் கேபிளில் லக் (முனை வளையம்) அழுத்திப் புதிதாகப் போடுங்கள். உலோக அரிப்பையும் ஆராய்கிற, 1948-ல் அடிக்கல் நாட்டிய சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற காரைக்குடியில், பச்சை பூத்த பேட்டரி டெர்மினலோடு நாம் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பது தனி வேடிக்கை.

பேட்டரியையும் அப்படியே பாருங்கள்: இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 அருகில், ஓடும்போது சாதாரணமாக 13.8 முதல் 14.4, கிராங்க் செய்யும்போது 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாது. பி 0562 (வோல்ட்டேஜ் குறைவு) என்ற கோடு இருந்தால் இங்கேயே நில்லுங்கள். வோல்ட்டேஜ் சரியாகாமல் மற்ற கோடுகளைத் துரத்துவது வீண்.

எர்த் சரியென்றால் அடுத்து, வந்த இன்ஜினும் உங்கள் ஈசியூவும் ஒரே குடும்பமா என்பது. சுசூகி டி13ஏ என்ற ஒரே பெயரில் ஸ்விஃப்டின் 75 குதிரைத்திறன் இன்ஜினும் உண்டு, எஸ்எக்ஸ்4, எர்டிகாவில் வந்த 90 குதிரைத்திறன் இன்ஜினும் உண்டு. பின்னதில் டர்போவே வேறு, உள்ளே இருக்கும் தகடுகள் அசையும் விஜிடி வகை. 75-ன் ஈசியூவுக்கு அந்த டர்போவை ஆட்டத் தெரியாது; பூஸ்ட் (டர்போ அழுத்தம்) கோடு வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே பிளாக்கும் ஹெட்டும் வந்ததாக இருக்கட்டும். டர்போ, சென்சார்கள், இஜிஆர், த்ராட்டில், ஒயரிங் எல்லாம் உங்கள் பழைய இன்ஜினிலிருந்து மாற்றச் சொல்லுங்கள், அவை நல்ல நிலையில் இருந்தால். ஈசியூவை மாற்றவே மாற்றாதீர்கள். சாவி விளக்கு சிமிட்டி, வண்டி ஸ்டார்ட் ஆகாமல், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) என்று புதுத் தலைவலி தொடங்கும்.

இன்ஜெக்டர் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். காமன்ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். அந்த இன்ஜெக்டர் எவ்வளவு டீசல் கூடக் குறையத் தள்ளுகிறது என்பதன் கணக்கு அது. வேறு இன்ஜெக்டர் வந்து, ஈசியூவில் பழைய குறியீடே இருந்தால் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் நின்று ஓடும்போது) ஆட்டம், புகை, டக்டக் சத்தம் எல்லாம் வரும். மேல் மூடியைக் கழற்றி நாலையும் போனில் படம் எடுத்து, சிலிண்டர் வரிசைப்படி ஸ்கேனரில் எழுதச் சொல்லுங்கள். எழுதும் வசதியுள்ள ஸ்கேனர் வேண்டும், டாங்கிளால் ஆகாது.

பி 0335 கிராங்க் சென்சார், பி 0340 கேம் சென்சார். இவை வந்தால் சென்சார் வாங்குமுன் கப்ளரைக் கழற்றி, சாவி ஆன் செய்து, ஒயரில் சப்ளையும் எர்த்தும் வருகிறதா பாருங்கள் (மூன்று ஒயர் சென்சாரானால்). பிறகு பிளைவீல் பக்கம்: கியர்பாக்ஸ் பொருந்த பிளைவீலை மாற்றியிருந்தால், கிராங்க் சென்சார் படிக்கும் பல்சக்கரம் அதில் இருக்கும் வண்டியில் அதன் பல் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். பி 0016 வந்தால் கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை; நீண்டுபோன டைமிங் செயின், அல்லது ஒரு பல் தள்ளி மாட்டியது. இந்த ஒரு கோட்டுக்கு மட்டும் நிஜமாகவே இன்ஜினைச் சந்தேகப்படுங்கள்.

காலையில் செலவில்லாத ஒரு சோதனை. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் ஆன் செய்து, டாங்கிளில் கூலண்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, அன்றைய காலைச் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மைனஸ் 40 காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது. 130, 140 என்று காட்டினால் ஷார்ட். கூலண்ட் சென்சாரைக் கழற்றி அளந்தால் 30 டிகிரியில் சாதாரணமாக 1.5 முதல் 2 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் காட்டும். சென்சார் சரி, ஆனாலும் சூடு விளக்கு வந்து வந்து போகிறது என்றால் கூலண்டில் காற்று நிற்கிறது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று போகும் திருகைத் திறந்து மெதுவாக நிரப்ப வேண்டும். நம் பக்கத்து போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். டீமினரலைஸ்டு தண்ணீரும் கூலண்டும் பாதிப் பாதி.

பெட்ரோல்காரர்களுக்கு: பி 0171 (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) வந்தால் நீண்டகால ஃபியூயல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் ஈசியூ செய்யும் திருத்தம்) பாருங்கள். ஐடிலில் 15, 20 சதவீதம் ஏறி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் மேனிஃபோல்டு கேஸ்கட்டிலோ பிரேக் பூஸ்டர் ஹோஸிலோ காற்று உறிஞ்சுகிறது. வேகம் கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப் அல்லது காற்றளவி சென்சார். பி 0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை) வந்தால் புதிய இன்ஜினைத் திட்டாதீர்கள். பழைய இன்ஜின் எண்ணெய் குடித்துச் செத்திருந்தால் அதன் கரி கன்வெர்ட்டரில் படிந்திருக்கும், கன்வெர்ட்டர் உங்கள் பழையதுதானே.

ஏபிஎஸ் விளக்குக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இன்ஜினை இறக்க டிரைவ் ஷாஃப்ட்டை உருவும்போது வீல் சென்சார் ஒயர் இழுபடும், பல்வளையம் அடிபடும். ஸ்கேனரில் நாலு சக்கர வேகத்தையும் திறந்துவைத்து 20, 30-ல் ஓட்டினால் எந்தச் சக்கரம் பூஜ்யம் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். புது வகை ஆக்டிவ் சென்சாரை ஓம் மீட்டரில் அளக்காதீர்கள், ஒன்றும் புரியாது. ஏபிஎஸ், ஸ்டீயரிங், இன்ஜின் மூன்றிலும் யு என்று தொடங்கும் கோடுகள் (கணினிகளுக்குள் தகவல் போகவில்லை என்பவை) இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் 6, 14-ம் பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். 60 வர வேண்டும். 120 என்றால் கேன் பாதை (கணினிகள் பேசிக்கொள்ளும் ஒயர் ஜோடி) ஒரு பக்கம் அறுந்திருக்கிறது.

எண்ணெய் விளக்கு ஐடிலில் மட்டும் மினுக்கினால் ஸ்விட்ச் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். சாதாரண ஒற்றை ஒயர் ஸ்விட்ச்சில், கழற்றியும் எரிந்தால் ஒயர் ஷார்ட். அணைந்தால் முடிவுக்கு வராமல், ஸ்விட்ச்சை எடுத்த துளையில் பிரஷர் கேஜ் போடச் சொல்லுங்கள். நன்றாகச் சூடான இன்ஜினில் ஐடிலில் ஏறக்குறைய 1 பார், 3000 ஆர்பிஎம்மில் 3 பார் வந்தால் ஸ்விட்ச்சை மாற்றினால் போதும். வராவிட்டால் ஆயில் சம்ப்பைக் கழற்றியே ஆக வேண்டும். இன்னொன்று: சாவி ஆன் செய்ததும் எண்ணெய், பேட்டரி, ஏபிஎஸ், ஏர்பேக், செக் இன்ஜின் எல்லாம் ஒருமுறை எரிந்தாக வேண்டும். எரியாத விளக்கு இருந்தால் பல்ப் போயிருக்கும், இல்லை யாரோ ஒயரைப் பிடுங்கி 'சரி' செய்திருக்கிறார்கள்.

'இதெல்லாம் வீட்டில் செய்கிற வேலையா, கம்பெனி சர்வீஸுக்குப் போகச் சொல்லுங்கள்' என்று கீழே யாராவது எழுதுவார்கள். போகலாம், ஆனால் வெளியே இன்ஜின் மாற்றிய வண்டி என்றதும் பல இடங்களில் கை வைக்கவே யோசிப்பார்கள். எல்லா மெக்கானிக்கையும் குறை சொல்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். மீட்டர் எடுத்து அளக்கிறவர்கள் நம்மூரில் இருக்கிறார்கள். அழிப்பதற்கு மட்டும் ஸ்கேனிங் சார்ஜ் வாங்குகிறவர்களைத்தான் சொல்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய நிலைக்கதவு வாங்கினால்கூட எந்த ஊர் வீட்டுக் கதவு என்று கேட்டு வாங்கலாம். இன்ஜினுக்கு எந்த வண்டி, எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் முறைக்கிறார்கள்.   

வரிசை இதுதான்: கோடு படம் எடுப்பது, வோல்ட்டேஜ், எர்த், கப்ளர், பிறகு சென்சார், கடைசியில் பாகம் வாங்குவது. ஒன்றைச் சரிசெய்ததும் ஒருமுறை அழித்து, குளிர்ந்த ஸ்டார்ட், இரண்டு மூன்று நிமிடம் ஐடில், ஊருக்குள் கொஞ்சம், திருச்சி சாலையில் 70, 80-ல் சீராகப் பத்து நிமிடம், பிரேக் மிதிக்காமல் தானாக வேகம் குறையவிடுவது என்று ஓட்டிவிட்டு நிலுவைக் கோடு பாருங்கள். அதுவும் காலியாக இருந்தால்தான் சரியானது. ஒரே நாளில் இரண்டு பாகம் மாற்றாதீர்கள், எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.

இன்ஜின் நம்பரை ஆர்சியில் மாற்றினீர்களா? மாற்றவில்லையென்றால் வாங்கிய பில்லோடு ஆர்டிஓ அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துப் பதிவு செய்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள். எண் ஒத்துப்போகாத வண்டிக்கு விபத்து நேரத்தில் க்ளெய்ம் வாங்குவது பெரும்பாடு.