மருந்து செய்ய ஆசைப்படும் மகளை வேதியியலில் விடலாமா?

மண்டபத்திலிருந்து எழுதிய ஐயாவுக்கு வணக்கம்.

மறுபடி நீட் எழுத மாட்டேன், வேதியியல் படித்து செல்லுக்குள் நுழையும் வளையப் பெப்டைடு செய்யப்போகிறேன் என்கிறாள் மகள். இதில் பிழைப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் பொறுமை வேண்டும்.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. விழுங்கினால் குடல் நொதிகள் அதை வெட்டிவிடும். தப்பித்தாலும் செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு லேசில் விடாது. சங்கிலியின் நைட்ரஜன்-ஹைட்ரஜன் பகுதிகள் தண்ணீரை விடாமல் பற்றிக்கொண்டிருப்பது ஒரு முக்கியக் காரணம். சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் விழுங்கும் சைக்ளோஸ்போரின் இந்த இரண்டையும் தாண்டிவிடுகிறது. 11 அமினோ அமிலங்கள் கொண்ட வளையம் அது. 7 நைட்ரஜன்களில் ஹைட்ரஜனுக்குப் பதில் மெத்தில் என்ற சிறு கார்பன் தொகுதி இருக்கிறது, அதனால் அவை தண்ணீரைப் பற்றுவதில்லை. மீதி நான்கையும் சவ்வை நெருங்கும்போது உள்பக்கம் திருப்பித் தனக்குள்ளேயே பிணைத்துக்கொள்கிறது. வாய்வழி மருந்தின் மூலக்கூறு எடை 500 டால்டனுக்குள் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) இருக்கவேண்டும் என்பார்கள். இதன் எடையோ சுமார் 1,200. ஒரு பூஞ்சை செய்த இந்த வித்தையை மனிதர்கள் திட்டமிட்டுச் செய்யப் பார்க்கும் துறைதான் உங்கள் மகள் சொல்வது. அவள் விவரம் தெரிந்துதான் பேசுகிறாள்.

உங்கள் மன்னார் வளைகுடாவிலும் கூம்பு நத்தைகள் உண்டு. அதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு நத்தையின் நஞ்சிலிருந்து வந்த ஜிகோனோடைடு என்ற பெப்டைடு, 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வலி மருந்து. அதை முதுகுத்தண்டுத் திரவத்திலேயே நேரடியாகச் செலுத்தவேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட மருந்தை மாத்திரையாக்க முடிந்தால் எத்தனை நோயாளிகளுக்கு நிம்மதி!

சரி, வழி என்ன? ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கான நுழைவுத்தேர்வு எழுதினால் திருப்பதியிலோ திருவனந்தபுரத்திலோ ஐந்தாண்டுப் படிப்பு கிடைக்கலாம். இல்லையென்றால் பக்கத்து அரசுக் கல்லூரியிலேயே பி.எஸ்சி. முடித்து, ஜாம் தேர்வு வழியாக ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. அப்புறம் நெட் என்ற தேசிய தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம். முனைவர் பட்டம்வரை போனால் பத்து வருடம் ஆகும். எம்.எஸ்சி.யோடு நிறுத்தினாலும் ஹைதராபாத், பெங்களூரு மருந்து ஆய்வு நிறுவனங்களில் பெப்டைடு தயாரிப்பு வேலைக்கு முயலலாம். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் குறைவுதான். அதை மறைக்க விரும்பவில்லை.

கல்யாணப் பேச்சை நடுவில் எடுத்துப் படிப்பை அறுத்துவிடாதீர்கள். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ப்பதும் வேண்டாம். எந்தக் கல்லூரியானாலும், சேர்க்கும் முன் அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: கரிம வேதியியல் ஆய்வகத்தில் நீங்களே கையால் செய்கிறீர்களா, இல்லை ஆசிரியர் செய்வதைப் பார்த்து ரெக்கார்டு மட்டும் எழுதுகிறீர்களா?