மூணு செகண்ட்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நாங்க மிச்சிகன்ல இருக்கோம். பொண்ணு எலிமென்டரி ஸ்கூல் டீச்சர்தான் ஆவேன்னு ஒரே பிடியா நிக்கிறா. இடம் கிடைச்சிருக்கிறது ஒரு சின்ன கிறிஸ்டியன் லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்ல. முதல் ரெண்டு வருஷம் பைபிள், தத்துவம், வரலாறு, மியூசிக்னு போகுது, டீச்சிங் எங்க இருக்குன்னு தேட வேண்டியிருக்கு. சேப்பல்னு காலேஜ் ஜெபக் கூட்டம் வேற. நாங்க இந்து குடும்பம். இங்க படிச்சா பப்ளிக் ஸ்கூல்ல, அதாவது கவர்ன்மென்ட் ஸ்கூல்ல, வேலைக்கு எடுத்துப்பாங்களான்னு அவ அப்பா கேக்கறார். நீங்க இப்படி ஒரு காலேஜ்ல படிச்சவங்கன்னு எழுதியிருந்தீங்களே, கொஞ்சம் சொல்லுங்க.

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க.)

அன்புள்ள தங்கைக்கு,

முதல்ல அவ அப்பாவோட கேள்வி. டீச்சர் லைசென்ஸ் குடுக்கிறது ஸ்டேட்தான், காலேஜ் இல்ல. அந்தக் காலேஜோட டீச்சர் ப்ரோக்ராமுக்கு மிச்சிகன் அங்கீகாரம் இருக்கான்னு மட்டும் பாருங்க, இருந்தா ஸ்டேட் யுனிவர்சிட்டில படிச்ச பிள்ளை எழுதுற அதே எம்.டி.டி.சி.ங்கிற மிச்சிகன் டீச்சர் பரீட்சைதான் இவளுக்கும், அதே சர்டிஃபிகேட்தான். ஃபீஸுக்காக டீச் கிராண்ட்னு ஒண்ணு சொல்வாங்க, வருஷத்துக்கு 4000 டாலர் வரைக்கும் கிடைக்கும், ஆனா படிச்சு முடிச்ச 8 வருஷத்துக்குள்ள 4 வருஷம் ஏழைப் பிள்ளைங்க அதிகமா படிக்கிற ஸ்கூல்ல, ஆள் பத்தாத பாடத்துல வேலை பாக்கணும், பாக்கலன்னா மொத்தமும் கடனா மாறி பணம் வாங்கின நாள்லேர்ந்து வட்டி ஏறும். தயவுசெஞ்சு இதை முழுசா படிக்காம கையெழுத்து போட விடாதீங்க.

சேப்பல் பத்தி. எல்லா காலேஜும் ஒண்ணு கிடையாது. இல்லினாய்ல 1860ல ஆரம்பிச்ச வீட்டன் காலேஜ் மாதிரி இடத்துல மாணவர்களே கிறிஸ்டியன் முறைப்படி வாழ்வோம்ங்கிற ஒரு உடன்படிக்கைக்கு சம்மதிச்சுதான் சேரணும், வேற சில இடத்துல எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம். அதை நேரா கேட்டுடுங்க. நானும் கோயிலுக்குப் போற வீட்ல பொறந்தவதான். என்னை யாரும் மாறச் சொல்லல, ஆனா எல்லாரும் கண்ணை மூடிப் பாடறப்போ நான் மட்டும் கண்ணைத் திறந்துட்டு உக்காந்திருந்த அந்த முதல் வருஷம் தனிமையாத்தான் இருந்துச்சு, அதை மறைக்க மாட்டேன். அவகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. இன்னொண்ணு, பப்ளிக் ஸ்கூல்ல டீச்சர் நின்னு பிள்ளைங்களை ஜெபம் பண்ண வைக்கக் கூடாது, 1962லயே சுப்ரீம் கோர்ட் ஸ்கூல் நடத்துற ஜெபம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு, இதை எனக்கு வரிவரியா சொல்லிக் குடுத்ததே ஒரு பாஸ்டர் வீட்டுப் பிள்ளையான ப்ரொஃபசர்தான்.

இப்போ அந்த ரெண்டு வருஷம். எலிமென்டரி டீச்சர் ஒரே நாள்ல வாசிப்பு, கணக்கு, சயின்ஸ், வரலாறு எல்லாத்தையும் எடுக்கணும், நடுவுல ஒரு எட்டு வயசுப் பிள்ளை எழுந்து பகல்ல ஏன் நிலா தெரியுதுன்னு கேக்கும். பாடம் நடத்துற முறை மட்டும் தெரிஞ்சவங்க அங்க திணறிப் போவாங்க. 1837ல மேரி லையன்ங்கிற டீச்சர், பொண்ணுங்க மேல்படிப்புக்காக மவுன்ட் ஹோலியோக்னு ஒரு இடம் ஆரம்பிச்சப்பவே அங்க பொண்ணுங்களுக்கு கெமிஸ்ட்ரி, தாவரவியல் எல்லாம் இருந்துச்சு, அங்கேர்ந்து கிளம்பினவங்க நிறையப் பேர் டீச்சரானாங்க. அதனால அந்த ரெண்டு வருஷம் வீண்னு நான் சொல்லவே மாட்டேன்.

ஆனா என்னை டீச்சராக்கினது என் வகுப்புல பின்னாடி உக்காந்திருந்த ஒரு அம்மா. கடைசி வருஷம் ஒரு செமஸ்டர் முழுக்க ஸ்டூடன்ட் டீச்சிங், அதாவது நிஜ ஸ்கூல்ல பாடம் எடுத்துப் பழகறது, அவங்க காலேஜ் சூப்பர்வைசர், கையில ஒரு நோட்டு, ஒரு ஸ்டாப்வாட்ச். நான் மூணாம் கிளாஸுக்கு பின்னம் எடுத்தேன், நல்லா எடுத்ததாத்தான் நெனச்சேன். முடிஞ்சதும் ஒரு தாளை நீட்டினாங்க, வெறும் நம்பர், 1, 1, அரை, 1. கேள்வி கேட்டுட்டு நான் காத்திருந்த செகண்ட். கேட்ட 14 கேள்வில 9க்கு நானே பதில் சொல்லியிருந்தேன். மேரி பட் ரோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1970கள்லயே இதை அளந்து பாத்தவங்க, டீச்சருங்க பொதுவா ஒரு செகண்ட்தான் பொறுக்கறாங்க, மூணு செகண்ட் பொறுத்தா பிள்ளைங்க நீளமா பேசறாங்க, பேசாத பிள்ளையும் பேசுதுன்னு அந்த சூப்பர்வைசர்தான் விளக்கினாங்க.

மறுநாள் 1/3 பெருசா 1/4 பெருசான்னு கேட்டுட்டு கட்டை விரலால விரல் கணுவை எண்ணிட்டே நின்னேன். மூணு செகண்ட் அவ்வளவு நீளம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ரெண்டு வாரமா வாயே திறக்காத ஒரு பையன், ஜன்னல் பக்கத்து டேபிள், "1/4, ஏன்னா 4தானே பெருசு"ன்னான். தப்புதான், ஆனா அவன் மனசுல என்ன ஓடுதுன்னு அப்போதான் எனக்குத் தெரிஞ்சுது! ஒரே அளவுல ரெண்டு தாள் குடுத்து மடிக்கச் சொன்னேன், மடிச்சுப் பாத்துட்டு, "நாலு பேருக்குப் பிரிச்சா துண்டு சின்னதாயிடுதே"ன்னு அவனே சொன்னான். மனுஷன் தேவ சாயல்ல படைக்கப்பட்டான்னு ஆதியாகமத்துல வர்றதைப் பத்தி முதல் வருஷம் எட்டுப் பக்கம் எழுதி மார்க் வாங்கியிருந்தேன், அந்தப் பையன் முகத்தைப் பாத்தப்போதான் அது ஏதோ பிடிபட்டுச்சு.

அதனால கேம்பஸ் பாக்கப் போறப்போ கட்டடத்தையும் ஹாஸ்டலையும் பாத்துட்டு வந்துடாதீங்க. எஜுகேஷன் டிபார்ட்மென்ட்டுக்குப் போய், எத்தனாவது செமஸ்டர்ல பிள்ளையை நிஜ வகுப்புக்குள்ள அனுப்புவீங்க, ஸ்டூடன்ட் டீச்சிங்கப்போ சூப்பர்வைசர் எத்தனை தடவை நேர்ல வந்து உக்காருவாங்க, அந்த சூப்பர்வைசர் எத்தனை வருஷம் ஸ்கூல்ல பாடம் எடுத்தவங்கன்னு உங்க பொண்ணையே கேக்கச் சொல்லுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கும் ஒரு வரி எழுதுங்க.

அன்புடன்,
அக்கா